சத்தமில்லாத பதினோரு பக்கம்

"சார், உங்க தபால்காரன் செவிடா?"

மொழிபெயர்ப்பாளர் தேநீரைக் கீழே வைத்தார். பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் அந்தப் பெண்ணுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டம். எறும்பின் கால் ஒடிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"ஏம்மா?"

"ராத்திரி முழுக்கப் பனி சோன்னு பெய்யுது, கூரையில சடசடன்னு கொட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. அவன் குறட்டை விட்டுத் தூங்குறான். காலையில ஜன்னலத் திறந்து, ரோட்டயே காணோமேன்னு வெலவெலத்துப் போறான். இந்தச் சத்தத்துக்குப் பொணமே எந்திரிச்சிருக்கும் சார்!"

அவர் மூலநூலைப் புரட்டினார். தபால்காரனின் பனி இரவைச் சொல்லும் அந்தப் பதினோரு பக்க அத்தியாயத்தில் ஓசையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவருடைய கைச்சரக்கு. வானத்திலிருந்து எது விழுந்தாலும் ஆரவாரத்தோடுதான் விழும் என்று ஐம்பத்திரண்டு வருட மழை அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அவரைக் கேட்காமலே கை எழுதிவிட்டது.

பதிப்பாளர் தன் மேசையிலிருந்தே குரல் கொடுத்தார். "எனக்கும் அந்த அத்தியாயம் ஒட்டல. நாலு மணிக்கு அச்சுக்குப் போகணும். பேசாம தூக்கிடுவோம்."

அந்த அத்தியாயத்துக்காகத்தான் மொழிபெயர்ப்பாளர் அந்த நாவலையே கையில் எடுத்தார். மூன்று வருட உழைப்பு.

"நாலு மணி வரைக்கும் விடுங்க."

"பூதக்கண்ணாடி சரின்னா எனக்கும் சரி."

ஓசைச் சொற்களை அடித்துப் பார்த்தார். வாக்கியங்கள் பல்லில்லாத வாய்போல் இளித்தன. சத்தம் போன இடத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்து, நாலு தெரு தள்ளியிருந்த மீன் குளிர்கிடங்குக்கு நடந்தார். அவருடைய தங்கை அங்கே மேற்பார்வையாளர்.

"என்னண்ணே இந்த வெயில்ல? அண்ணி துரத்திட்டாங்களா?"

"பனி விழறதைப் பாக்கணும்."

"அடப்பாவமே, நாங்க அதைத் தினம் தள்ளிக் கொட்டுறோம். வா, வா. சளி பிடிச்சா என் தலைய உருட்டாதே."

தடித்த அங்கியை மாட்டி, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டாள். "பூசணிக்காய்க்குச் சட்டை போட்ட மாதிரி இருக்கே. நல்ல நேரத்துல வந்தே. குளிர் விசிறில ஐஸ் கட்டிடுச்சு, கரைக்கறதுக்கு நிறுத்தி வச்சிருக்கோம். வெளிக்காத்து உள்ள வந்தா மேல போய் உறைஞ்சு உதிரும். பத்தே நிமிஷம்."

உள்ளே போனதும் மூச்சு நெஞ்சுக்குள் ஊசியாய் இறங்கியது. தங்கை கதவை ஒரு சாண் திறந்துவைத்தாள். வெளியிலிருந்து வெண்புகை நுழைந்து, மீன்பெட்டிகளின் அடுக்குகளுக்கு மேலே ஏறி மறைந்தது.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு விளக்குக்குக் கீழே ஏதோ மினுங்கிற்று. இன்னொன்று. விழுகின்றன என்றும் சொல்ல முடியாது. இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவைபோல் நின்று நின்று வந்தன. அவர் முகத்தைத் தூக்கினார். அந்தரம் முழுவதும் நிறைந்திருந்தது. எப்போது நிறைந்தது? தொப்பியைக் கழற்றிக் காதைக் கொடுத்தார். பெட்டிகளின்மேல், தரையில், அவருடைய தோளில் ஆயிரமாயிரமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்றுகூட வந்தேன் என்று சொல்லவில்லை. பெட்டிகளின் மேலிருந்த எழுத்துகள் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி, இல்லாமல் போயின. இப்படியே பெய்தால் ஓர் ஊரை மூடிவிடும், யாரையும் எழுப்பாமல். அந்த நினைப்பில் அவருக்கு உடம்பு சிலிர்த்தது, குளிரினால் அல்ல. கும்பிடத் தோன்றியது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றார்.

தங்கை ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அண்ணனின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டாள்.

திரும்பி வந்து அவர் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பனி பெய்ததாகச் சொல்லும் வரிகளையெல்லாம் சுருக்கிச் சுருக்கி, தபால்காரனின் வீட்டுப் பொருள்களுக்கு நடுவே மூலத்தில் இருந்தபடியே விட்டார். வேலி, வாளி, படி. ஒவ்வொன்றாக அவை காணாமல் போயின.

மூன்றரைக்குப் பூதக்கண்ணாடி பென்சிலோடு உட்கார்ந்தாள். பென்சில் அசையவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் நின்று, பின்னோக்கிப் புரட்டினாள். இன்னும் பின்னோக்கி.

"சார், இந்தப் பனி எங்க ஆரம்பிச்சுது? நான் பாக்கவே இல்லியே."

அவர் ஆறிப்போயிருந்த தேநீரைக் கையில் எடுத்தார்.

"என்ன, தூக்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பதிப்பாளர்.

அவள் நிமிராமலே கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். முதல் பக்கத்தின் தலையில் 'அச்சுக்கு' என்று எழுதினாள். கொடுத்துவிடவில்லை, முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.