கால்வாய்க்கரையில் ஒரு பந்தி

கஜந்திக்கு அன்று வேண்டியிருந்தவை இரண்டே இரண்டு கையெழுத்துகள். ஜெர்மனியின் கீல் கால்வாயை அகலப்படுத்தச் சொல்லி பெர்லினுக்கு அனுப்பும் கூட்டறிக்கையில் பின்லாந்தின் வணிக ஆலோசகர் விர்த்தானெனும் போலந்தின் துணைத்தூதர் திருமதி ஸ்தெல்மாக்கும் கையெழுத்திட வேண்டும். திங்கட்கிழமை அங்கே நிதிக்குழு கூடுகிறது. அதற்குள் அறிக்கை போய்ச் சேராவிட்டால் கால்வாய்க்காகப் பேசுவதற்கென்றே இருக்கும், அவள் வேலை செய்யும் சின்னஞ்சிறு சங்கத்தை ஆண்டு முடிவோடு மூடிவிடுவார்கள். மூன்று வருடமாகத் தூதரகம் தூதரகமாகப் படியேறி இறங்கியதெல்லாம் வீணாகிவிடும்.

கால்வாய் அகலமாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. அடுத்த நாட்டுக் கால்வாயை அடுத்த நாட்டுக் காசில் அகலப்படுத்த யார்தான் வேண்டாம் என்பார்கள்? எதை முதலில் செய்வது என்பதில்தான் குடுமிப்பிடி. பின்லாந்திலிருந்து காகிதம் ஏற்றி வரும் கப்பல்கள் நீளமானவை. அதனால் விர்த்தானெனுக்கு முதலில் வளைவுகள் நிமிர வேண்டும். போலந்துக் கப்பல்கள் கால்வாயின் வாயிலில் காத்துக் கிடந்தே அலுத்துப்போனவை. அதனால் திருமதி ஸ்தெல்மாக்குக்கு முதலில் கப்பல்களை உள்ளே விடும் மதகுகள் பெரிதாக வேண்டும். போன தடவை பேச்சு முற்றியபோது அந்த அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறென்று வெளியேறிவிட்டார். இந்த முறை நல்ல விருந்து கொடுத்து இளக்கிவிடலாம் என்று கஜந்தி கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் கணக்கில் மண் விழுந்தது. கால்வாயோரத்து ரெண்ட்ஸ்பூர்க் நகரில் விருந்துக்குப் பேசி வைத்திருந்த விடுதி, சமையலறையில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று அன்று காலையில் கையை விரித்தது. கஜந்தி அழாக்குறையாக அம்புறோஸ் அண்ணைக்குப் போன் போட்டாள். வட ஜெர்மனியில் தமிழர் வீட்டுக் கலியாணம் எதுவும் அவர் அண்டாவைத் தாண்டி நடப்பதில்லை. கால்வாய்க்கரையிலேயே ஒரு மண்டபமும் வைத்திருந்தார்.

“சமைக்கலாம் பிள்ளை, அது பிரச்சினை இல்லை. ஆனா சாப்பாட்டுக் கோப்பையள் முழுக்க வாடகைக்குப் போயிட்டுது. நேற்றுச் சாமத்தியச் சடங்கிலை மிஞ்சின வாழையிலை கிடக்கு. போடட்டோ?”

“அண்ணை, வாறது தூதர்மார்!”

“அவைக்கும் வாய் ஒண்டுதானே. வரச் சொல்லுங்கோ.”

மாலையில் விருந்தாளிகள் வந்தபோது மண்டபத்தில் நீள மேசைகள் ஒரே வரிசையில், ஒரு பக்கம் மட்டும் நாற்காலியோடு, சன்னலைப் பார்த்தபடி கிடந்தன. பெயர் அட்டை கிடையாது, தலைமை இருக்கை கிடையாது. வந்த வரிசைப்படி உட்காரவேண்டியதுதான். அப்படித்தான் விர்த்தானெனும் திருமதி ஸ்தெல்மாக்கும் தோளுக்குத் தோள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்கு அப்பால், கடைசி இலையில், பார்வையாளராக வந்திருந்த டென்மார்க் கப்பல் நிறுவனத்து ஓலே அமர்ந்தார். கூட்டம் தொடங்கிய நாள் முதல் வாயே திறக்காத மனிதர்.

அம்புறோஸ் அண்ணை ஏப்ரனில் கையைத் துடைத்தபடி நடுவில் வந்து நின்றார். “பிள்ளை, இதைச் சொல்லிவிடுங்கோ. பந்தியிலை கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும்வரைக்கும் ஒருத்தரும் எழும்பக் கூடாது. எழும்பினா மற்றவையை அவமதிச்ச மாதிரி.”

கஜந்தி ஒரு கணம் யோசித்தாள். பிறகு, இது எங்கள் விருந்து நெறிமுறை என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக அறிவித்தாள். நெறிமுறை என்ற சொல்லைக் கேட்டால் தூதர்கள் அடுப்பு மேலும் உட்காருவார்கள். எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

சோறு வந்தது, பருப்பு வந்தது, கத்தரிக்காய்க் குழம்பும் மீன்பொரியலும் வந்தன. சொதி வருவதற்குள் சண்டையும் வந்துவிட்டது. வளைவு என்றார் இவர், மதகு என்றார் அவர். திருமதி ஸ்தெல்மாக்கின் முகம் குழம்பை விடச் சிவந்தது. கரண்டியை வைத்தார், இலையை மடித்தார், கைப்பையை எடுத்தார். கஜந்தியின் முகம் விழுந்தது.

ஆனால் அந்த அம்மா எழும்பவில்லை. வரிசையின் கடைசியை எட்டிப் பார்த்தார். அங்கே ஓலே நிதானமாக அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அண்ணை,” என்று கஜந்தி புன்னகையை மறுபடி வரவழைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள், “அந்தக் கடைசி ஆளின்ரை இலை காலியாகாமல் பாத்துக்கொள்ளுங்கோ.”

“அதை என்னட்டை விடுங்கோ.”

அம்புறோஸ் அண்ணை பம்பரமாகச் சுழன்றார். ஓலேயின் இலையில் சோறு விழுந்தது, தீர்ந்தது, மறுபடி விழுந்தது. பஞ்சத்தில் அடிபட்டவர் போல இந்த மனிதர் வெட்டுகிறாரே என்று கஜந்தி வியந்தாள், கடவுளுக்கு நன்றியும் சொன்னாள்.

எழும்ப முடியாது, எதிரே முறைக்கவும் ஆளில்லை. இருவரும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கால்வாயில், வளைவுக்கு முன்னால் கப்பல்கள் ஒதுங்கி நிற்கும் இடத்தில், நீளமான கப்பல் ஒன்று அசையாமல் நின்றது.

“ஏன் நிற்கிறது?” என்று திருமதி ஸ்தெல்மாக் வேண்டாவெறுப்பாகக் கேட்டார்.

“எங்கள் காகிதக் கப்பல். எதிரே ஒரு பெரிய கப்பல் வருகிறது. வளைவில் இரண்டும் சேர்ந்து போகமுடியாது. நான் சொன்னேனே!”

ஓலேக்கு இன்னொரு கரண்டி கத்தரிக்காய் விழுந்தது. கப்பல் நின்றபடியே நின்றது.

“அந்தப் பெரிய கப்பல் ஏன் இன்னும் வரவில்லை?”

“மதகில் மாட்டிக்கொண்டிருக்கும்” என்று சொல்லிவிட்டு விர்த்தானென் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திருமதி ஸ்தெல்மாக் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். விர்த்தானெனும் சமாளித்துப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டார். பாயாசம் வருவதற்குள் அறிக்கையில் ‘முதலில்’ என்ற சொல்லை அடித்து, இரண்டு வேலையும் ஒன்றாகத் தொடங்கட்டும் என்று எழுதி, கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்தும் போட்டார்கள். கஜந்தி அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. அதற்கு அவள் வெட்கப்படவில்லை.

எல்லோரும் போன பிறகும் ஓலே மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். கஜந்தி ஓடிப்போய், சாப்பாடு அவ்வளவு பிடித்ததா என்று கேட்டாள்.

“பிடித்தது. இரண்டாவது தடவையோடு வயிறு நிரம்பிவிட்டது.”

“பிறகு ஏன்...?”

“அந்த அம்மா பையை எடுத்ததும் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.” ஓலே இடுப்புப் பட்டியை ஒரு துளை தளர்த்தினார். “எங்கள் நிறுவனத்துக்கும் இந்தக் கால்வாய் அகலமாக வேண்டும். ஆனால் இங்கே யார் பக்கமும் பேச வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. சாப்பிடத் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.”