வெடிக்கு முன் சிறுத்த அலை

மனம் ஒரு குரங்கு என்பார்கள். அந்தக் குரங்கின் வாலைக் கடதாசியில் பார்ப்பதுதான் கோணேஸ்வரிக்கு உத்தியோகம். திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில் மூளையலை எடுக்கும் மெசின் அவள் பொறுப்பில் இருந்தது. தலையில் வயர்களை ஒட்டி, கண்ணை மூடச் சொல்லி, நினைப்பைப் போன போக்கில் விடச் சொன்னால் மெசினின் பேனாக்கள் கடதாசியில் பெரிய, சோம்பலான அலைகளாகக் கீறும். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால், மனம் ஒன்றில் கூர்ந்ததும், அலைகள் சட்டென்று சிறுத்து நெருங்கிவிடும். வாய் பொய் சொல்லும், பேனா சொல்லாது.

ஒரு வயரை நடுநெற்றியில் ஒட்ட வேண்டும். அதற்குத் தோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கணவன் காணாமல் போயும் பொட்டு வைத்திருக்கும் பெண்கள் சண்டை நடந்த அந்த நாட்களில் நிறைய வந்தார்கள். அவர்களுக்கு மட்டும் அவள் வயரை ஓரமாக நகர்த்தி ஒட்டுவாள். அந்தப் பொட்டில் கைவைக்க அவளுக்கு மனம் வராது. அவளுடைய பொட்டும் அப்படிப்பட்டதுதானே. கணவன் ஞானசேகரம் கடலுக்குப் போய் மூன்று வருடம். இந்தியாவில் கரையேறியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தான் தினமும் குங்குமத்தைத் தொடுவாள்.

அன்று காலை சல்லி என்ற கரையோரக் கிராமத்திலிருந்து சிவகுரு என்ற மீனவர் வந்தார். படகு கவிழ்ந்து, கூடப்போன தம்பியைப் பறிகொடுத்து, ஒரு பகல் முழுக்கத் தண்ணீரில் கிடந்து மீண்டவர். அதிலிருந்து கதைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு எங்கோ போய்விடுகிறது. வலிப்பா, வெறும் யோசனையா என்று டொக்டருக்குத் தெரிய வேண்டும்.

சிவகுரு கண்ணை மூடினார். அலைகள் சோம்பலாக எழுந்தன. திடீரென்று சிறுத்தன. அதன் பிறகு துறைமுகப் பக்கம் தொம்மென்றது. யன்னல் அதிர்ந்தது, பேனாக்கள் தாறுமாறாகத் துள்ளின.

அந்தச் சத்தம் ஊருக்குப் புதிதல்ல. கப்பலுக்குக் குண்டு வைக்க நீருக்கடியில் நீந்தும் சுழியோடி எவனும் வந்துவிடக்கூடாது என்று கடற்படை நினைத்த நேரமெல்லாம் தண்ணீருக்குள் வெடி போடும். தேத்தண்ணிக் கோப்பையைக் கூட யாரும் கீழே வைப்பதில்லை. சத்தத்தில் திடுக்கிட்டிருப்பார் என்று நினைத்த கோணேஸ்வரி கடதாசியை மறுபடி பார்த்தாள். திடுக்கிட்டது வெடிக்குப் பிறகு. அலை சிறுத்ததோ வெடிக்கு முன். அடுத்த வெடிக்கும் அப்படியே. அதற்கடுத்ததற்கும் அப்படியே.

"அண்ணை, எதையும் கூர்ந்து கேக்கிறியளோ?"

"ஓம் மிஸ். தம்பி 'வருது, வருது' எண்டுவான். பிறகுதான் வெடிக்கும்."

"எங்கயிருந்து?"

"தண்ணிக்குக் கீழ. கனபேர் நிக்கினம்." மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். "அவையவை தங்கட ஆக்களுக்குத்தான் சொல்லுறவை. மற்றவைக்குக் கேக்காது."

வலிப்பு இல்லை என்று எழுதி அவரை அனுப்பினாள். பைத்தியக் கதை என்று தனக்குள் திட்டிக்கொண்டே கதவைப் பூட்டினாள். கண்ணாடியைப் பார்த்துத் தன் தலையில் வயர்களை ஒட்டினாள். நெற்றி வயரை, வழக்கம்போல, பொட்டுக்கு ஓரமாக.

கண்ணை மூடினாள். ஞானசேகரத்தை நினைக்கக்கூடாது என்று வைராக்கியம். பஸ்ஸை நினைத்தாள், குசினியில் ஊறப்போட்ட உளுந்தை நினைத்தாள். நினைப்பு அதன் பாட்டில் எங்கெங்கோ போனது.

தொம்.

ஒரு குரலும் கேட்கவில்லை! சிரிப்பே வந்துவிட்டது. அப்பாடா, மனிதர் எங்கேயோ உயிரோடுதான் இருக்கிறார். கண்ணைத் திறந்து கடதாசியைப் பார்த்தாள்.

பெரிய, சோம்பலான அலைகள். பிறகு, துள்ளலுக்குச் சற்று முன்னால், சின்னஞ்சிறிதாக நெருங்கிய அலைகள்.

அவளுக்குத் தெரியாமலே அவள் எதையோ உற்றுக் கேட்டிருக்கிறாள். இத்தனை நாளும் ஒவ்வொரு வெடிக்கு முன்னும் தண்ணீருக்குக் கீழிருந்து அவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவள்தான் உளுந்தை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

நெற்றி வயரைப் பிடுங்கினாள். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து நடுநெற்றியை அழுத்தித் துடைத்தாள். பஞ்சு சிவந்தது. வயரை அந்த இடத்திலேயே ஒட்டிவிட்டுக் கண்ணை மூடினாள்.

"இஞ்சருங்கோ," என்றாள், மூன்று வருடத்தில் முதல்முறையாக அவரைக் கூப்பிட்டு. "இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ."