ரீட் பள்ளத்தாக்கின் கல்வீடு

நாட்டின் வட எல்லையோரம், நார்தம்பர்லாந்தின் ரீட் பள்ளத்தாக்கில் சிபெலின் கூரைவீடு எரிந்தபோது அவள் கணவன் கத்பர்ட் உள்ளே இருந்தான். எல்லை தாண்டி அடிக்கடி மாடு திருட வரும், ஊரே முகம் அறிந்த ஹாப், வெளியே வந்தால் வெட்டுவேன் என்று வாசலில் நின்றபடியே தீ வைத்தான். சிபெலும் மகள் அன்னஸும் அப்போது மந்தையோடு மலை மேய்ச்சலில் இருந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்குச் சாம்பலும், கண்ணால் பார்த்த அக்கம்பக்கத்தார் சொன்னதும்தான் மிஞ்சின.

அக்கம்பக்கத்துக் குடும்பங்களில் பாதி தெற்கே பிழைக்கப் போயின. அவளையும் கூப்பிட்டார்கள். அவள் அசையவில்லை. தம்பிகளைக் கூட்டிவந்து ஆற்றுக் கல்லால் வீடு கட்டினாள். கீழே மாடுகள், மேலே மனிதர்கள். கூரைக்குக் கற்பலகை. மேலே ஏற வெளியே ஒரே ஒரு ஏணி, ஆபத்தென்றால் இழுத்துக்கொள்ளலாம்.

சில வருடங்கள் கழித்து, மூடுபனி இறங்கிய ஒரு சாயங்காலம், ஒருவன் நொண்டிக்கொண்டே சுவரடிக்கு வந்தான். தொலைவில் எல்லைக் காவலரின் மோப்ப நாய்கள் குரைத்தன. முகத்தைப் பார்த்ததும் சிபெல் மேல்வாசலிலிருந்து ஏணியை இழுத்துக்கொண்டாள். ஹாப்.

"ஏணிய இறக்கு தாயி. பிடிச்சாங்கன்னா தொங்க விட்டுடுவாங்க."

அடைக்கலம் கேட்டவனுக்குக் கதவடைப்பது பாவம், இறக்கிவிடு என்று அன்னஸ் கெஞ்சினாள். சிபெல் பாதி ஏணியை இறக்கினாள். அவன் கை எட்டிக் கடைசிப் படியைப் பிடித்தது.

"இதே இடத்துல ஒரு வீட்டக் கொளுத்துன. உள்ள இருந்தவன் பேரைச் சொல்லு, ஏறிக்கோ."

ஹாப் சுற்றுமுற்றும் பார்த்தான். உண்மையாகவே யோசித்தான்.

"எந்த வீடு தாயி? ஒண்ணா ரெண்டா, எல்லாமா ஞாபகம் இருக்கும்?"

பயத்தில் பொய்யாவது சொல்வான் என்று நினைத்திருந்தாள். ஏணியை வெடுக்கென்று இழுத்தாள். அவன் சேற்றில் மல்லாந்து விழுந்தான். நாய்கள் வந்தன, பின்னாலேயே குதிரைகள். காவலர் அவன் கைகளைக் கட்டி இழுத்துப் போனபோது, சிபெல் மேல்வாசலில் நின்று, "கத்பர்ட்! அவன் பேரு கத்பர்ட்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்க் குரைப்பில் அது அவன் காதில் விழுந்திருக்காது.

மறுநாளே அவனைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அன்னஸ் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சிபெல் அதைப் பொறுத்துக்கொண்டாள். தான் எரித்துக் கொன்றவனின் பெயர்கூடத் தெரியாமல் ஹாப் செத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.