மூன்றாம் மாடிப் பேருந்து

இவர் முப்பத்து மூன்று வருடம் நின்றார், நான் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்தேன். எங்கள் இருவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இப்படித்தான் சொல்வேன். இவர் நகரப் பேருந்தில் கண்டக்டர். நான் தொலைபேசி எக்சேஞ்சில் ஆபரேட்டர். சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஊரில் பாதிப் பேரை மீதிப் பேரோடு பேச வைத்திருக்கிறேன்.

முதல் சந்திப்பும் இவர் வண்டியில்தான். மாலை ஷிப்ட் முடிந்து எக்சேஞ்ச் நிறுத்தத்தில் ஏறினேன். கூட்டமில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஆடும் வண்டியில் வீட்டுக்குள் நடப்பவர் மாதிரி நடந்து வந்தார்.

"சீட் இருக்கு, உக்காருங்க."

"வேண்டாங்க. எட்டு மணி நேரமா உக்காந்துட்டுதான் வரேன். நிக்கிறேன்."

தன் சர்வீஸில் சீட் கொடுத்தும் வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான் என்று பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வைத்த பெயர்தான் எக்சேஞ்ச். பெரியவன் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் கூப்பிட்டார். நர்ஸ் ஒரு மாதிரி பார்த்தாள்.

ஓய்வு பெற்றதும் இந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஜன்னல் சீட். கை வைத்த நாற்காலி ஒன்று வாங்கி பால்கனிக் கதவோரம் போட்டார். போட்டவர் எழுந்திருக்கவே இல்லை. காபி அங்கே, பேப்பர் அங்கே, தூக்கமும் அங்கேயே. கொஞ்சம் நடங்களேன் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது. "முப்பத்து மூணு வருஷ பாக்கி இருக்கு எக்சேஞ்ச், இன்னும் உக்காந்து தீரல" என்பார். இரண்டு வருடம் இப்படியே போயிற்று. ஒரு நாள் காலையில் குளியலறையில் விழுந்தார்.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் கைத்தாங்கலாகத் தூக்கும்போதுதான் கால்களைப் பார்த்தேன். அந்தக் கால்கள் எங்கே போயின என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிசியோதெரபி செய்யும் பெண் வீட்டுக்கு வந்து பார்த்தாள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்கார வேண்டும், ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்க வேண்டும், உடம்பை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றி மாற்றிச் சாய்க்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும் என்றாள். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் படியிறங்கியதும் நாற்காலிக்குப் போய்விட்டார். ஊன்றுகோல் வரவழைத்தேன், மூலையில் கிடந்தது. நடைவழிச் சுவரில் பிடித்து நடக்கக் கம்பி அடித்தோம், அதையும் தொடவில்லை.

"கம்பியப் பிடிக்கிறவன் பயணி. கண்டக்டர் பிடிக்கமாட்டான்."

பிடிக்கவும் மாட்டார், பிடிக்காமல் நிற்கவும் முடியாது. இந்த லட்சணத்தில்தான் பெரியவன் வந்து சேர்ந்தான். வேறு ஊரில் இருக்கிறான். லிப்ட் வைத்த வீடு. எங்கள் வீடோ மூன்றாம் மாடி, ஐம்பத்து நான்கு படி.

"மூணு மாசம் பார்க்கலாம்மா. அப்பாவால தனியா கீழ இறங்கி மேல ஏற முடிஞ்சா இங்கயே இருங்க. இல்லன்னா ரெண்டு பேரும் என்கூட வந்துடணும். நீ ஒருத்தியா எப்படித் தூக்குவ அவரை?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல பிள்ளை. ஆனால் அவன் வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவருக்கு அங்கே ஒரு ஜன்னல் கிடைக்கும், அதற்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் சுவர் தெரியும். இரண்டு வருடம் உட்கார்ந்தவர் அங்கே போனால் படுத்துவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு நாள் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தேன். இவருடைய கண்டக்டர் தோல் பை வந்தது. நாற்காலியிலிருந்து எழுந்து தடுமாறி வந்தவரின் தோளில், கொஞ்சம் வைத்திருங்கள் என்று மாட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் நடுக் கூடத்தில் நிற்கிறார். இடது கால் அரை அடி முன்னால், வலது கால் சற்றுத் திரும்பி, முழங்கால் லேசாகத் தளர்ந்து. எதையும் பிடிக்கவில்லை. ஆடவும் இல்லை. அவருக்கே அது தெரியவில்லை.

என்ன தோன்றியதோ, "எக்சேஞ்ச் ஒண்ணு குடுங்க" என்றேன்.

ஒரு வினாடி என்னைப் பார்த்தார். பிறகு பைக்குள் கையை விட்டு, இல்லாத சீட்டைக் கிழித்து, நான்கு எட்டு நடந்து வந்து என் கையில் கொடுத்தார். "முன்னாடி போங்கம்மா" என்றார்.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அசையாத தரையில் நிற்க இந்த மனிதருக்குத் தெரியாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆடும் தரையில்தான் நின்றிருக்கிறார்.

ஓய்வு பெற்ற அன்று டிப்போவில் ஒரு பழைய வண்டியின் மணியைக் கழற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தேடி எடுத்து, படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை கயிறு கட்டினோம். ஒரு மணி அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் புறப்பட வேண்டும். படுக்கையறை டிப்போ ஆயிற்று. அலமாரி நூலகம், தொலைபேசி மேஜை எக்சேஞ்ச், சமையலறைத் திருப்பம் ஆற்றுப் பாலம், பால்கனி துறைமுகம். கயிறு இழுப்பது என் வேலை. எக்சேஞ்ச் நிறுத்தத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டேன். அங்கே கைக்கு எட்டும்படி கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினேன்.

காலையில் நான்கு நடை, சாயங்காலம் நான்கு நடை. மணி இரண்டு அடித்ததும் இவர் உடம்பு முதலில் பின்னால் சாயும், அப்புறம்தான் கால் எடுத்து வைப்பார். பாலத்தில் வண்டி திரும்பும் என்று ஒரு காலுக்குச் சாய்வார், பிறகு மறு காலுக்கு. நிறுத்தத்தில் ஏறாமல் தொங்குகிறவர்களை எட்டிப் பார்க்க ஒற்றைக் காலில் நிற்பார். துறைமுகம் வந்ததும் யாராவது எதையாவது விட்டுப் போயிருக்கிறார்களா என்று குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்ப்பார், எழுவார், மறுபடி குனிவார். கண்டக்டர்கள் ஒவ்வொரு நடைக்கும் செய்கிற வேலையாம். பிசியோ பெண் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நான் சொன்ன அத்தனையும் இதுல இருக்கு ஐயா. யார் சொல்லிக்கொடுத்தா?"

"டிப்போ மேனேஜர்" என்று என்னைக் காட்டினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதைவிட, எனக்கு அந்த வண்டி பிடித்துப்போயிற்று. காலை வெயில் கூடத்தில் நீளமாக விழுந்திருக்கும். கயிற்றைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். "நூலகம் இறங்கு" என்று இவர் குரல் வரும். எனக்குக் கீழே தரை மெல்ல நகரும். நூலகத்து வாசலில் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் இறங்குவாள். எக்சேஞ்சின் பச்சைக் கதவு திறக்கும். பாலத்தில் காற்று வந்து முகத்தில் அடிக்கும், ஆற்று வாடை வரும். துறைமுகத்தில் வண்டி நின்றதும் எல்லோரும் இறங்கிப் போவார்கள், நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். கண்ணைத் திறந்தால் நடை முடிந்திருக்கும், காபி ஆறிப்போயிருக்கும். ஒரு படி இறங்காமல் ஊரையே தினமும் எட்டு தடவை சுற்றினேன்.

இவர் விழுந்த நாளிலிருந்து நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. காய்கறி, பால், மருந்து எல்லாம் கீழ் வீட்டுக்காரம்மா வாங்கி வந்து கொடுத்துவிடுவார். எழுந்திருக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொள்வேன். மேஜை பக்கத்தில் இருக்கிறது, பிடிக்கிறேன், அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை பெரியவன் வந்தான். கையில் மடித்த அட்டைப்பெட்டிகள். சாமான் கட்டுவதற்கு. சொன்ன சொல் தவறாதவன்.

"அப்பா, கீழ போலாமா?"

இவர் பையை மாட்டினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கயிற்றிலிருந்து மணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னைக்கு வண்டி வெளிய போகுது. மணி என்கிட்ட இருக்கட்டும்."

பெரியவன் இரண்டு படி முன்னால் இறங்கினான். இவர் பின்னால். நான் என் நாற்காலியிலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. "நூலகம்" என்றார், இரண்டாம் மாடி. செருப்புச் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது, தடுமாறவில்லை. "பாலம்" என்றார், முதல் மாடி.  வெகு ஆழத்திலிருந்து "துறைமுகம்" என்று வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு மணி அடித்தது.

இரண்டு அடித்தால்தான் திரும்பி ஏறுவார். காத்திருந்தேன். அடிக்கவில்லை.

பெரியவன் படியேறி வந்து வாசலில் நின்றான், முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, அப்பா வண்டிய எடுக்க மாட்டேங்கிறார். இன்னும் ஒருத்தர் வரலையாம். சீக்கிரம் வா."

"இதோ" என்று எழப் பார்த்தேன். முடியவில்லை. மேஜையைப் பிடித்தேன், பாதி எழுந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மறுபடி எழுந்தபோது தொடை இரண்டும் நடுங்கின. பெரியவன் முகத்திலிருந்த சிரிப்பு போயிற்று.

"அம்மா, கடைசியா எப்ப கீழ போன?"

 சுவரைப் பிடித்தபடி வாசல் வரை வந்தேன். ஐம்பத்து நான்கு படியும் எனக்குக் கீழே கிணறு போல இறங்கிக்கொண்டிருந்தது. முதல் படியில் கால் வைக்கப் போனேன், முழங்கால் மடங்கியது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டேன். மூன்று மாதமாக இவருடைய கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மடச்சி நான் என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"அம்மாவுக்கு முடியலப்பா" என்று பெரியவன் கீழே பார்த்துச் சொன்னான். அவன் கண் கூடத்தில் கிடந்த அட்டைப்பெட்டிகளுக்குப் போய் வந்தது.

 பிறகு படிகளில் செருப்புச் சத்தம் மேல் நோக்கி வந்தது. அவசரமில்லாமல், நடுவில் ஓரிடத்தில் நின்று, மறுபடி. கடைசித் திருப்பத்தில் இவர் தலை தெரிந்தது. மூச்சு வாங்கியது, நெற்றியில் வியர்வை. கை எதையும் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டு படி கீழே வந்து நின்றார்.

"தெரியும் எக்சேஞ்ச். பத்து நாளா பார்க்கறேன், மேஜையப் பிடிச்சுதான் எழுந்திருக்கே. நான் சொன்னா கேப்பியா நீ?"

"கால் வரலீங்க. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

என் நாற்காலியைக் கதவு வழியே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"சீட் இல்லம்மா. நின்னுக்கிட்டுதான் வரணும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெரியவன் என் கையைப் பிடிக்க வந்தான். இவர் வேண்டாம் என்று தடுத்தார்.

"கம்பிய நல்லாப் பிடிச்சுக்கோ. நீ பயணிதானே, பிடிக்கலாம். இன்னைக்கு ஒரே ஒரு நிறுத்தம். நூலகம் வரைக்கும். அப்புறம் திரும்பிடலாம்."

பெரியவன் உள்ளே போனான். என் நாற்காலியைத் தூக்கி வந்து வாசலுக்கு வெளியே, சுவரோரமாக வைத்தான். அதன்மேல் அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமலே அடுக்கினான், திரும்பிக் கொண்டுபோவதற்கு.

"எத்தனை மாசம் வேணும்மா?"

"உங்கப்பாவைக் கேளு. இப்ப அவர்தான் மேனேஜர்."

நான் கைப்பிடியைப் பிடித்தேன். இவர் பைக்குள் கை விட்டு ஒரு சீட்டைக் கிழித்து என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். மாடி ஜன்னல் வழியாக வெயில் படிகளின்மேல் விழுந்திருந்தது, தூரத்தில் ஆற்று வாடை வந்தது போலிருந்தது. ஆனால் இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. மணி இரண்டு அடித்தது. வலது காலை எடுத்து முதல் படியில் வைத்தேன்.