ஹைரமரின் கிணறு

சவப்பெட்டிக்குள் கிடந்த பத்மநாதனின் சால்வை மடிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்த சிவகௌரியின் கை, அவருடைய வாயருகே வந்ததும் நின்றது. வாய் மூடியிருந்தது. இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் அந்த வாய் சேர்ந்தாற்போல இவ்வளவு நேரம் மூடியிருந்து அவள் கண்டதில்லை. நித்திரையில்கூட மனுஷன் யாருக்கோ எதையோ விளங்கப்படுத்திக்கொண்டுதான் கிடப்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாக நேர்ஸுக்கு வெட்டுக்கிளிக் கதையைத் தொடங்கி, பாதியில் கண்ணயர்ந்தவர் பிறகு எழும்பவில்லை. அந்த நேர்ஸ் இவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே, அந்தச் சப்பாத்துக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டாள்.

"மச்சாள்," என்று பின்னால் ஒரு குரல்.

பத்மநாதனின் தங்கை செல்வமலர். தமையனுக்காக அழுது அழுது கண்ணிரண்டும் நெல்லிக்காயாய் வீங்கியிருந்தன. நாக்கு மட்டும் வழக்கம்போலக் கூராகவே இருந்தது.

"உங்கட வெள்ளைக்காரச் சம்பந்தியைப் பேசச் சொல்லிக் கேட்டிருக்கிறன். ஓமெண்டிட்டார்."

"ஆரைக் கேட்டுக் கேட்டனீர் மலர்?"

"ஏன் கேக்கவேணும்? உங்கட மகள் கலியாணம் முடிச்ச நாள் தொடக்கம் ஹைரமர், ஹைரமர் எண்டு அண்ணை எங்கட காதைத் திண்டவரெல்லோ. இப்ப ஹைரமற்றை பூட்டப்பிள்ளையே நெப்ராஸ்காவில இருந்து வந்து நிக்குது. ஏக்கர் எத்தினை, ஓநாய் எத்தினை எண்டு சபையில சொல்லட்டுமன்."

சிவகௌரி திரும்பிப் பார்த்தாள். மண்டபத்தில் ஒரு கதிரை மிச்சமில்லை. லண்டனின் ஹரோப் பக்கத்துத் தமிழ்ச்சனம் முழுவதும் வந்திருந்தது, கோலியர்ஸ் வுட்டிலிருந்து ஒரு வான் ஆட்கள், அப்டன் பார்க்கிலிருந்து இன்னொரு வான். பத்மநாதன் யாரிடமெல்லாம் புளுகியிருந்தாரோ அத்தனை பேரும் ஒருவர் விடாமல் ஒரே கூரைக்குக் கீழே குந்தியிருந்தார்கள். உயிரோடிருந்தால் ஒரு புளுகு பிடிபட்டவுடன் அதைவிடப் பெரிதாக ஒன்றை அவிழ்த்துத் தப்பிவிடுவார். இன்றைக்கு மனுஷனுக்கு மறுமொழி சொல்ல வாயில்லை. புளுகன் என்ற பேரோடுதான் எரியப் போகிறாரா?

ஹைரமர் என்பவர், அவர்களுடைய மருமகன் வெஸ்லியின் பூட்டனுக்கும் அப்பன். மகள் மேனுஷா அந்த அமெரிக்கப் பெடியனைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று சொந்தக்காரர் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை ஆரின்ரை ஆள், எந்த ஊர் என்பதுதான். வெஸ்லி நேர்மையான பெடியன். முன்னோர்களில் ஹைரம் என்றொருவர் நெப்ராஸ்காவுக்கு வண்டி கட்டிப் போய்க் குடியேறினாராம், அதற்குமேல் தனக்கொன்றும் தெரியாது என்று உள்ளதைச் சொல்லிவிட்டான். கேட்டவர்கள் முகத்தை முகம் பார்த்தார்கள். குலங்கோத்திரம் தெரியாத குடும்பத்துக்கோ பொம்பிளை குடுக்கிறியள் என்று ஒரு பெரியவர் பாயாசத்தைத் தொடாமலே எழும்பிப் போனார்.

அன்றிரவு பத்மநாதன் சாப்பிடவில்லை. மறுநாள் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர்தான். லண்டன் முழுக்க பஸ் ஓடவைத்துப் பென்ஷன் எடுத்த கொன்ட்ரோலர் அல்லவா! எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று அறையில் இருந்தபடியே கண்டுபிடித்தவருக்கு ஒரு ஹைரமரைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையில்லை. கொஞ்சம் கண்டுபிடித்தார். மிச்சத்தைத் தன் கையால் போட்டு நிரப்பினார்.

அதற்குப் பிறகு ஹைரமர் வளர்ந்த வேகத்தில் உயரம் கூட்ட மருந்து விற்கிறவன்கூட எவரையும் வளர்த்ததில்லை. ஹரோவில் புறப்படும்போது ஹைரமருக்கு முந்நூறு ஏக்கர். பேக்கர் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறும்போது அது ஆயிரமாகிவிடும். அப்டன் பார்க்கில் ஒரு அறுபதாம் கலியாணத்தில் மூவாயிரம் ஏக்கரும் ஒரு ஆறும் என்று முடிந்தது. வெட்டுக்கிளி வந்து ஹைரமரின் கூரையைத் தின்று, கதவைத் தின்று, ஒரு காற் சப்பாத்தையும் தின்றுவிட, மற்றச் சப்பாத்தைக் கழற்றி அத்தனை வெட்டுக்கிளியையும் அடித்துக் கலைத்தாராம். பனிப்புயலில் வழி தவறாமலிருக்கத் தன் தாடியைக் கதவுப் பிடியில் கட்டிவிட்டு, மாட்டுக்குப் புல்லுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். மாட்டுக் கொட்டில் எவ்வளவு தூரம் என்று ஒரு குறும்பன் கேட்டதற்கு, "தாடி எவ்வளவோ அவ்வளவு" என்றார் பத்மநாதன். பாயாசம் தொடாமல் போன பெரியவரே பிறகு வெஸ்லியின் முதுகில் தட்டி, "நல்ல கமக்காரக் குடும்பத்துப் பெடியன்" என்று மற்றவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"அண்ணைக்கு எங்கட கதிரேசுப் பூட்டன் கண்ணில தெரியேல்லை," செல்வமலர் மூக்கை உறிஞ்சினாள். "அந்த மனுஷன் வன்னிக் காட்டுக்குள்ள போய், காட்டை வெட்டி, கிணறு வெட்டி, எங்கட குடும்பத்தையே நட்டுவிட்டவர். அவரைப் பற்றி அண்ணை லண்டனில ஒரு வார்த்தை சொன்னவரோ? சொல்லுங்கோ பாப்பம். அமெரிக்காக்காரன்ரை தாடியைப் பிடிச்சுக்கொண்டு திரிஞ்சவர்."

உண்மைதான். சொன்னதில்லை. தங்கச்சிக்காரியின் நெஞ்சில் கிடந்து உறுத்தியது மூவாயிரம் ஏக்கரல்ல, இதுதான் என்று சிவகௌரிக்கு அப்போதுதான் பட்டது.

சம்பந்தி ரோலண்டை அவள் வாசலில் பிடித்தாள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வரும் உயரம். கறுப்புக் கோட்டுக்குள்ளிருந்து இரண்டு கமக்காரக் கைகள் மண்வெட்டிபோல வெளியே தொங்கின.

"களைச்சிருப்பீங்கள். பேசாட்டிலும் பரவாயில்லை," என்றாள் இங்கிலிசில். கவுன்சிலில் காலமெல்லாம் வேலை செய்த இங்கிலிஸ், அன்றைக்கென்று நடுங்கியது.

ரோலண்ட் அவளுடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தினார். "பத்மன் எங்களைப் பற்றி இங்கே என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும், கௌரி. ஊரில் நானும் அதைத்தான் சொல்லித் திரிகிறேன்."

ஆறுதலாய்த்தான் இருந்தது. ஆனாலும் செல்வமலர் முதல் வரிசையில் போய்க் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்த இருப்பைப் பார்க்க, வந்த ஆறுதல் வந்த வழியே போய்விட்டது.

கிரியை முடிந்தது. மருமகன் வெஸ்லி, வேட்டி நழுவாமலிருக்க இடுப்பில் கட்டிய பெல்ட்டோடு, ஐயர் சொன்னதையெல்லாம் செய்தான். மண்டபத்துக்குள் நெருப்புக் கூடாது என்பதால் பேரப்பிள்ளைகள் பற்றரி மெழுகுதிரியைப் பந்தமாகப் பிடித்துப் பெட்டியைச் சுற்றி வந்தார்கள். பிறகு ரோலண்ட் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். அவர் இங்கிலிசில் சொல்வதைத் தமிழாக்க மேனுஷா பக்கத்தில் வந்து நின்றாள்.

அவர் வாயைத் திறக்க முதலே முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது.

"பிள்ளை மேனுஷா, ஹைரமருக்கு எத்தினை ஏக்கர் எண்டு முதல்ல கேள்."

"மாமி, ப்ளீஸ்."

"கேள் பிள்ளை. கொப்பர் சொன்ன கணக்குச் சரியோ எண்டு எல்லாருக்கும் அறிய ஆசை."

சிவகௌரி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள். மேனுஷா முகம் சிவந்து கேட்டாள்.

ரோலண்ட் பெட்டிப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவரைப் பார்த்தார். "பத்மன் எவ்வளவென்று சொன்னார்?"

"மூவாயிரம்."

"அப்படியா?" என்று வருத்தத்தோடு தலையாட்டினார். "அவர் அடக்கமான மனிதர். எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்."

செத்தவீடென்பதை மறந்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள்.

"தாடி?" செல்வமலர் விடவில்லை.

"தாடி உண்மை. கதவுதான் இப்போது இல்லை. வெட்டுக்கிளி தின்றுவிட்டது."

சிரிப்புக்கு நடுவில் சிவகௌரியின் கை சேலைத் தலைப்பைக் கொஞ்சம் தளர்த்தியது. ரோலண்ட் மாத்திரம் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"எங்கள் வயலில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. ஹைரம் தோண்டியது. பலகை போட்டு மூடிவைத்திருந்தோம். அதைப் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் கலியாணத்துக்கு வந்த பத்மன் அந்தப் பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அது எப்படி வெட்டப்பட்டதென்று எனக்குச் சொன்னார்."

மேனுஷா அதைத் தமிழில் சொன்னாள். சிவகௌரி நிமிர்ந்தாள். சப்பாத்தையும் தாடியையும் ஆயிரம் தரம் கேட்டிருக்கிறாள். கிணறு அவளுக்குப் புதிது.

"ஹைரம் முதலில் வெட்டிய இடத்தில் உப்புத் தண்ணீர் வந்ததாம். இரண்டாவது இடத்தில் கல். மனம் விட்டுப்போய் இருந்தவரிடம், மாடு எங்கே போய்ப் படுக்கிறதென்று பார்த்து அங்கே வெட்டு என்று அவருடைய தங்கைதான் சொன்னாராம். உள்ளே இறங்கி அவர் வெட்ட, மேலே நின்று கயிறு பிடித்தது அந்தத் தங்கை. கை கிழியாமலிருக்க உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டு பிடித்தாராம். நல்ல தண்ணீர் வந்ததும் ஹைரம் ஒரு சொட்டும் வாயில் வைக்கவில்லை. முதல் வாளியைத் தங்கைக்குத்தான் வார்த்தார். அவர் இப்படிக் குடித்தார்."

ரோலண்ட் குனிந்தார். மண்வெட்டிக் கைகள் இரண்டையும் சேர்த்துக் குவித்து, விளிம்பை வாயோடு வைத்துக் காட்டினார்.

நெப்ராஸ்காவில் யார் அப்படித் தண்ணீர் குடித்தார்கள்? கலியாணமான புதிதில், குசினியில் தேங்காய் துருவியபடி மாமியார் சொன்ன கதை சிவகௌரிக்குக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உப்புக் கிணறு, கல்லுக் கிணறு, மாடு படுத்த இடம், கயிறு பிடித்த தங்கச்சி. எல்லாம் கதிரேசுப் பூட்டனுடையது. எழுத்துப் பிசகாமல் அப்படியே.

வீடும் வேண்டாம், நகையும் வேண்டாம், சீதனம் என்று ஒரு கரண்டியும் வேண்டாம் என்று வெஸ்லி ஒற்றைக் காலில் நின்றபோது பத்மநாதன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். கலியாணம் முடிந்து நெப்ராஸ்காவிலிருந்து பிளேன் ஏறியபோது மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். "வெறுங்கையோட பிள்ளையை அனுப்பேலுமோ? குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டன்," என்றார். என்ன குடுத்தனீங்கள் என்று அவள் கேட்க, ஜன்னல் பக்கம் திரும்பிக் குறட்டை விட்டார். கள்ளக் குறட்டை.

சீதனமாகக் கொடுத்த பொருளைப் பிறகு தன்னுடையதென்று சொல்லித் திரிய முடியுமா? அதுதான் கதிரேசுப் பூட்டனைப் பற்றி லண்டனில் ஒரு வார்த்தை இல்லை.

சிவகௌரி முதல் வரிசையைப் பார்த்தாள். செல்வமலருக்கும் விளங்கிவிட்டது. எழும்பினாள். கைப்பை மடியிலிருந்து விழுந்ததையும் கவனிக்காமல் நேரே மைக்கை நோக்கி நடந்தாள். அது எங்கட பூட்டன் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பத்மநாதன் புளுகர் மட்டுமில்லை, சொந்த வம்சத்தையே தூக்கிக் கொடுத்தவராகவும் ஆகிவிடுவார். ரோலண்ட் ஏமாந்தவராக நிற்பார். தடுக்கச் சிவகௌரி எழும்பப் பார்த்தாள். அதற்குள் பிந்திவிட்டது.

செல்வமலர் மைக்கைப் பிடித்தாள். பெட்டியை ஒருதரம் பார்த்தாள்.

"இந்தக் கதை எனக்கு முந்தியே தெரியும்," என்றாள். "அண்ணை சொன்னது முழுக்க உண்மை."

பிறகு ரோலண்டைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"ஆனா ஒரு பிழை இருக்கு. மேனுஷா, வடிவாச் சொல்லு அவருக்கு. அந்தத் தங்கச்சி கையில துணி சுத்தேல்லை. வெறுங்கையாலதான் கயிறு பிடிச்சவ. அண்ணை அதை எப்பவும் பிழையாத்தான் சொல்லுறவர்."

மேனுஷா சொன்னாள். ரோலண்ட் அந்த உயரத்திலிருந்து செல்வமலருக்குத் தலை வணங்கினார்.

"வெறுங்கை," என்றார். "இனிமேல் சரியாகச் சொல்கிறேன்."

சிவகௌரி பெட்டிக்குள் பார்த்தாள். வாய் இன்னும் மூடித்தான் இருந்தது. ஆனால் அந்த மூடியிருக்கும் விதம் அவளுக்கு நல்ல பழக்கம். பிளேன் ஜன்னலோரத்தில் கள்ளக் குறட்டையோடு கண்டது. அவள் முதுகை நிமிர்த்தி, ராணிபோலக் கதிரையில் சாய்ந்து இருந்தாள். சபையிலிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

சுடலை முடிந்து வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கேற்றடியில் ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் செம்பும் வைத்திருந்தார்கள். கால் கழுவாமல் யாரும் உள்ளே போகக் கூடாது. பெரியவர்களும் வெஸ்லியும் பிள்ளைகளுமாகப் பாதையோரத்தில் வரிசை நீண்டிருந்தது. பாயாசத்துப் பெரியவர் தன் முறைதான் முதல் என்று காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டுத் தயாராக நின்றார்.

ரோலண்ட் குனிந்து செம்பை எடுத்தார். நிறைய மொண்டார். பெரியவரைக் கடந்தார், தன் மகனைக் கடந்தார், சிவகௌரியையும் கடந்து, வரிசையின் கடைசியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த செல்வமலருக்கு முன்னால் போய் நின்றார்.

"முதலில் தங்கைக்கு," என்றார் இங்கிலிசில்.

செல்வமலர் அவரை அண்ணாந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குவித்து நீட்டினாள். தண்ணீர் அவள் கையில் நிறைந்து, விரலிடுக்கால் வழிந்து, முழங்கையால் இறங்கி, ஹரோவின் நடைபாதையை நனைத்துக்கொண்டு போனது.