எனப் புன்னகைத்தார்

சுரங்க வாசலில் காத்திருந்த கூட்டத்துக்குள் காலைப் பதிப்பு கைமாறிக் கைமாறிப் போனது. வெர்னா குஸ்மாவின் மாமியார் அதைப் படித்துவிட்டு, மடித்து, மருமகளின் காலடியில் போட்டாள்.

"புருஷன் மண்ணுக்குள்ள கெடக்கான். இவ பேப்பர்காரிகிட்ட பல்லக் காட்டிட்டு நின்னிருக்கா."

அந்தப் பேப்பர்காரி நான்தான். முந்தின நாள் சுரங்கத்தின் கூரை இடிந்து ஆறு பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். வெர்னாவின் கணவன் மிஹாலும் அவர்களில் ஒருவன். 'அவர் வந்துவிடுவார்' என்றார் திருமதி குஸ்மா என்றுதான் நான் எழுதிக் கொடுத்தேன். அச்சில் 'அவர் வந்துவிடுவார்' எனப் புன்னகைத்தார் என்று வந்திருந்தது.

எங்கள் பத்திரிகையில் பெண்கள் எதையும் சொல்வதில்லை. மேயர் முழங்குவார், போலீஸ் அதிகாரி உறுமுவார், பெண்கள் புன்னகைப்பார்கள். கேக் போட்டியில் ஜெயித்தவளுக்கும் வீடு எரிந்துபோனவளுக்கும் அதே புன்னகைதான். எல்லாம் செய்தி ஆசிரியர் ஹேகர்ட்டியின் பென்சில் செய்கிற வேலை. சுரங்க அலுவலகத்திலிருந்து போன் போட்டு அவரிடம் கத்தினேன்.

"அந்தம்மா சிரிக்கவே இல்ல சார்."

"யாருதான் சிரிக்கறா, ஈடித்? நாம போடற கல்யாணப் பொண்ணெல்லாம் நாள் முழுக்கச் சிரிச்சுக்கிட்டா இருக்கா? ஒரு வார்த்தை, விடு."

ஒரு வார்த்தைதான். ஆனால் காப்பி கொடுத்துக்கொண்டு வந்த சர்ச்சுப் பெண்கள் வெர்னாவை மட்டும் தாண்டிப் போனார்கள். "வேற எவனாவது இருப்பான்" என்று ஒருத்தி முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது. மிஹால் பிணமாக வந்தால், இந்த ஊர் கடைசிவரை அந்த வரியைச் சொல்லியே அவளைக் கொல்லும். மாமியாரிடம் போனேன்.

"அம்மா, அவங்க சிரிக்கல. அது எங்க ஆபீஸ்ல போட்டது."

"அச்சுல இருக்கே," என்றாள் கிழவி.

வெர்னா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். நேற்று என்னிடம் பேசியபோதும் அப்படிப் பொத்திக்கொண்டுதான் பேசினாள். துக்கம் என்று நினைத்திருந்தேன். சர்ச்சுப் பெண்கள் மிச்சமிருந்த காலைப் பதிப்பிலேயே ரொட்டியைச் சுருட்டினார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு உணவு இறக்கத் துளை போட்டிருந்தார்கள். ரொட்டி அந்த வழியாகக் கீழே போனது.

சாயங்காலம் மணி அடித்தது. லிஃப்ட் மேலே வந்தது. ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். எனக்கு யாரும் இல்லை அங்கே, இருந்தாலும் அழுதேன். மிஹால் நொண்டிக்கொண்டே வந்தான். மனைவியைப் பார்த்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"ஏன்டி, பேப்பர்காரி முன்னாடி சிரிச்சியாமே?"

அவன் சட்டைக்குள்ளிருந்து எண்ணெய்க் கறை படிந்த பேப்பரை எடுத்தான்.

"முன்பல்லு ரெண்டும் போனதுலேந்து என் முன்னாடியே கைய வச்சு மறைச்சுக்கிட்டுத்தான் சிரிப்பா. இவ ஊருக்கே சிரிச்சுக் காட்டினாளாம். படிச்சுட்டு உள்ள எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பாதி பயம் அதுலயே போச்சு."

அந்தப் பல் விவகாரம் மாமியாருக்கும் தெரிந்ததுதான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தன் காப்பியை மருமகளிடம் நீட்டினாள்.

நான் மறுபடி போனுக்கு ஓடினேன்.

"அந்தம்மா என்ன சொன்னா?" என்றார் ஹேகர்ட்டி.

"'வாங்க, வீட்டுக்குப் போலாம்' என்றார்."

"புன்னகைத்தார்னு போட்டுடவா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெர்னா ஒரு கையால் புருஷனின் இடுப்பைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் மாமியாரின் காப்பி. வாயை மறைக்கக் கை மிச்சமில்லை. அந்த ஓட்டைப் பல் ஊருக்கே தெரிந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் சார்," என்றேன். "'என்றார்'னே இருக்கட்டும்."