சூட்டை மாற்றியவர் கையெழுத்து

மூன்றாவது மெமோ வந்தால் கேட் கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அதுதான் சட்டம். நான் ஏற்கெனவே இரண்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை, நாஷ்டா நேரம் முடிந்ததும், மேனேஜர் தணிகைவேல் சார் மூன்றாவதை என் மெஷினுக்கே கொண்டுவந்து நீட்டினார்.

கும்மிடிப்பூண்டியில் பெயின்ட் பக்கெட்டுக்கு மூடி செய்கிற கம்பெனி எங்களுடையது. பிளாஸ்டிக் குருணையை மெஷினில் கொட்டினால், உள்ளே இருநூற்றுப் பத்து டிகிரியில் பாகாக உருகி, அச்சுக்குள் ஓடி, மூடியாக வெளியே விழும். ஆறு வருடமாக நான் அதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். தணிகைவேல் சார் பார்ப்பதெல்லாம் ஏ.சி. ரூம் கண்ணாடி வழியாகத்தான்.

மெமோ இங்கிலீஷில் இருந்தது. "இன்னா சார் எழுதிக்கீது?" என்றேன்.

"சூட்ட கம்மியா வெச்சிட்ட ஹெலன். சரக்கு சரியா உருகல. மூடி பூரா குருணை குருணையா நிக்குது, வளைச்சா ஒடையுது. பெயின்ட் கம்பெனிக்காரன் லாரியோட திருப்பி அனுப்பிட்டான். போடு கையெழுத்த."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. முந்தைய இரண்டு மெமோவும் இதே குற்றத்துக்குத்தான். அப்போது பயந்துபோய் வாயைத் திறக்கவில்லை. அதனால்தான் மறுபடியும் என் தலையிலேயே மிளகாய் அரைக்க வந்திருக்கிறார்.

"சூடு சரியாத்தான் கீது சார். நீங்க புதுசா வாங்குற சரக்குல வேற பிளாஸ்டிக் கலந்துக்கீது. விக்கிறவன் பழைய கார் பார்ட்டு நைலான அரைச்சுப் போட்டுக்கீறான். நெருப்புல காட்டிப் பார்த்தேன். நம்ம குருணை மெழுகுவத்தி வாசன வந்துது, அது மயிரு கருகுற நாத்தம். இது உருகி ஓடுற சூட்டுல அது அசையாது. சோத்துல கெடக்கிற கல்லு வேவலன்னு அடுப்பப் பெருசா ஏத்துவாங்களா?"

"எட்டாவது படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா? சூட்ட ஏத்தினா எல்லாம் கரையும்."

"அப்ப நீங்களே ஏத்துங்க சார்."

பக்கத்து மெஷின் சுமலதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வேணாங்க்கா, பேஜாராயிடும்." நான் கையை உதறினேன்.

"குருணை கரைஞ்சிதுன்னா மெமோல கையெழுத்தும் போடறேன், கேட் கார்டையும் குடுத்துட்டு கவரப்பேட்டையில கீற என் வூட்டுக்கு நடந்தே போறேன். ஏத்துங்க."

அத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க அவருக்கு மனசு வரவில்லை. பட்டனைத் தட்டி இருநூற்றைம்பது வைத்தார். மெஷினில் தொங்கிய செட்டிங் கார்டை எடுத்து, பேனாவோடு அவரிடம் நீட்டினேன். சூட்டை மாற்றுகிறவர் அதில் நேரம் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவரே அவர்தான். ஒரு தடவை ஐந்து டிகிரி மாற்றிவிட்டு மறந்துபோனதற்கு என்னை அரை நாள் வெளியே நிறுத்திவைத்தார்.

சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

கால் மணி நேரத்தில் பிளாஸ்டிக் தண்ணீராகிவிட்டது. அச்சு மூடும் முன்பே மெஷினின் மூக்கிலிருந்து ஒழுகியது. மூடியின் விளிம்பெல்லாம் அப்பளம் மாதிரி பிசிறு, ஹால் முழுக்க மெழுகு கருகும் நாற்றம். ஆறு மூடி எடுத்துப் போட்டுவிட்டு, ஏழாவதை வெளிச்சத்தில் பிடித்தேன். குருணை ஒன்றுகூடக் கரையவில்லை. வளைத்தேன். படக்கென்று இரண்டாக ஒடிந்தது.

"இன்னும் ஏத்தலாமா சார்? அது உருகுறதுக்குள்ள இது கருகிப் பூடும்."

அவர் கை சூட்டைக் குறைக்கப் போனது.

"கொறைங்க. அதுக்கும் கார்டுல ஒரு கையெழுத்து."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சுமலதா தன் மெஷினை நிறுத்திவிட்டு, மூட்டையிலிருந்து ஒரு கை குருணையை அள்ளிக்கொண்டு வந்தாள். சற்று முன் பயந்தவள்தான். "எனக்கும் இதே சரக்குதான் சார் போட்டுக்கீறாங்க" என்றாள்.

தணிகைவேல் சார் மெமோவை நான்காக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "சரி சரி, இத இத்தோட வுடு. போயி வேலையப் பாரு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. செய்யாத தப்புக்கு இரண்டு முறை தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டதை நினைத்தால் என் மேலேயே கோபமாக வந்தது. சிவப்புப் பட்டனை அழுத்தி மெஷினை நிறுத்தினேன். செட்டிங் கார்டையும் ஒடிந்த மூடியையும் என் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு, மூட்டை மேல் உட்கார்ந்தேன். இருநூற்றைம்பதிலும் குருணை கரையவில்லை, தப்பு அவர் வாங்கிய சரக்கில்தான் என்பதற்கு இனி அவர் கையெழுத்தே சாட்சி.

"நல்ல சரக்கு வர்ற வரைக்கும் ஓட்ட மாட்டேன் சார். அதுக்குள்ள ஆபீஸுக்குப் போயி என் பழைய மெமோ ரெண்டையும் எடுத்துக்கினு வாங்க. அது என் கைக்கு வந்தப்புறந்தான் உங்க கையெழுத்து உங்க கைக்கு வரும்."